வெறுங்கால் திறப்பு விழா

ஏனுங்க சார், இந்தச் சேருக்கு ஆள் வருதுங்களா? வரலியா? நல்லதாப் போச்சு. பொள்ளாச்சியில டான்ஸ் ஸ்கூல் ஆண்டு விழான்னா மொத வரிசையில எடம் கெடைக்கறது குதிரைக்கொம்புங்க. அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறீங்களா? ஆங், போதும் போதும்.

எம் பேரு குழந்தைவேலுங்க. போத்தனூர்லருந்து வர்றேன். மோட்டார் பம்பு கம்பெனியில முப்பத்தி நாலு வருசம் ஃபோர்மேன். ரிட்டயர் ஆனப்புறம் எங்க செல்லாண்டி நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு செகரெட்டரி. ஏகமனதாத் தேர்ந்தெடுத்தாங்க. வேற யாரும் நிக்கல.

நீங்க? பொண்ணு ஆடுதுங்களா? பரதமா? சந்தோசமுங்க. நோட்டீஸ்ல பாத்தேன், மொத ஐட்டமே அதுதான். ரெண்டாவது எங்க வீட்டம்மா, மரகதம். 'போத்தனூர் மகளிர் குழுவின் டேப் டான்ஸ்'னு போட்டிருக்கு பாருங்க. ஆறு பேர்ல ஒருத்தி. அவ எங்கூடப் பேசி இன்னியோட பத்தொம்பது நாளாச்சுங்க. பத்தொம்பது நாளு! இன்னிக்காவது பேசுவாளான்னு பாக்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன்.

விருந்தாளி வர இன்னும் அர மணி ஆகும்ங்கறாங்க. அதுக்குள்ள சொல்லிப்புடறேன். நீங்க வெளியாளு, ரெண்டு பக்கமும் வேண்டியவரில்ல. நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

டேப் டான்ஸ் தெரியுங்களா? ஷூவுக்கு அடியில முன்னாடி ஒரு தகடு, குதிகால்ல ஒரு தகடு அடிச்சு, பலகை மேல தட்டித் தட்டி ஆடறது. மாட்டுக்கு லாடம் அடிக்கறமில்லீங்களா, அந்த மாதிரி. அதனால நான் லாட டான்ஸ்னு பேரு வெச்சேன். நகர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, எங்க வீட்டம்மாவைத் தவிர.

எங்க வீதியில டோரீன் மிஸ்ஸுன்னு ஒருத்தங்க. ரயில்வே ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க, ஆங்கிலோ இந்தியன். அவங்கப்பா மெயில் வண்டி ஓட்டினவராம், வண்டிய நிறுத்திட்டு வந்தா ரயில்வே இன்ஸ்டிடியூட் கிளப்புல போயி இத ஆடுவாராம். அவர்ட்டயிருந்து இவங்க கத்துக்கிட்டாங்க. அறுபத்தாறு வயசுங்க, இன்னிக்கும் காலு மிசினு மாதிரிப் போகுது. அவங்க மொட்ட மாடியில நம்ம பொம்பளைங்க நாலு பேரு போயிக் கத்துக்க ஆரம்பிச்சாங்க. நாலு எட்டாச்சு, எட்டு பதினாலாச்சு. கீழ் வீட்டு மச்சுல காரை பேந்து, அந்த வீட்டுக்காரரு சாப்பிட்டுட்டிருந்த சாம்பார்ல விழுந்துருச்சு. கம்ப்ளெயிண்டு எங்கிட்டத்தான் வந்துது. நான் செகரெட்டரியாச்சே.

அப்பத்தான் எங்க நகர்ல சமுதாயக் கூடம் கட்டி முடிச்சிருந்தோம். என்னோட திட்டம் என்னன்னா, காதுகுத்து, சீமந்தம், கருமாதி மூணுக்கும் வாடகைக்கு வுடறது. மனுசனுக்கு வேற என்னங்க வேணும்? ஆனா டோரீன் மிஸ்ஸு கூட்டத்துல எந்திரிச்சு, "எங்க வீட்டுத் தேக்குப் பலகை அத்தனையும் தர்றேன், தரையாப் போட்டுக்கங்க, ஆனா கூடம் டேப் டான்ஸுக்குத்தான். சாயங்காலம் வகுப்பு, வருசத்துக்கு ஒரு நாள் விழா. நகரே ஆடணும்"னுட்டாங்க. கை தூக்கச் சொன்னா, பொம்பளைங்க அத்தன பேரும் தூக்கிட்டாங்க. ஆம்பளைங்க பாதிப் பேரு சம்சாரத்து மூஞ்சியப் பாத்துட்டே தூக்கினாங்க. நான் தூக்கல. செகரெட்டரி நடுநிலையா இருக்கணும்ல?

சரி, முடிவாயிருச்சு, நம்ம முன்ன நின்னு நடத்தோணும். நான் எதையும் அரைகுறையாப் பண்ண மாட்டேனுங்க. திறப்பு விழா அன்னிக்குக் காலங்காத்தால அய்யரக் கூட்டியாந்து அந்தத் தேக்குப் பலகை மேலயே கணபதி ஓமம். செங்கல் அடுக்கி, மணல் கொட்டி, ஒரு எடத்துல கூடப் பலகை கருகல. டோரீன் மிஸ்ஸு கூட முட்டி போட்டுக் கும்பிட்டாங்க. அப்புறம் வாசல்ல காலணி நிலையம். கோயில்ல இருக்குமில்லீங்களா, அதே மாதிரி கம்பி வெச்ச ரூமு, ரேக்கு, டோக்கன். பிளாஸ்டிக் டோக்கன் இல்லீங்க. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட ஒரு பையனோட லேத்துப் பட்டறையில நானே ஒக்காந்து பித்தளைத் தகட்டுல எரநூறு டோக்கன் வெட்டினேன். ஒவ்வொண்ணுலயும் நெம்பர் பஞ்ச் பண்ணி, ஓரம் தேச்சு. போர்டும் வெச்சேன்: 'காலணிகளுக்கு அனுமதி இல்லை.' சிவப்புப் பெயிண்டு.

ஏன் சிரிக்கறீங்க?

டேப் டான்ஸ் கூடத்துல செருப்புக்கு அனுமதி இல்லைன்னா எப்படிங்கறீங்களா? டோரீன் மிஸ்ஸும் அதேதான் கேட்டாங்க. ஆனா நீங்களே யோசிங்க சார். காலைல ஓமம் பண்ணின எடம். சாயங்காலம் அதும்மேல செருப்போட ஏறலாமா? உங்க வீட்டுப் பொண்ணு சலங்கை கட்டறப்போ செருப்பப் போட்டுட்டா கட்டுது? பூமியத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான ஆடுது? அதத்தான் நானும் சொன்னேன்.

விழா நாலு மணிக்கு. எல்லாரும் வரிசையா வந்து செருப்பக் குடுத்து டோக்கன் வாங்கிட்டு உள்ள போனாங்க. ஆறு பொம்பளைங்களும் மயில் கழுத்துக் கலர் சுடிதார்ல வந்தாங்க, கையில ஷூ. ஆறு ஜோடியையும் நானே வாங்கி ரேக்குல வெச்சேன். எங்க மரகதத்துக்கு நாப்பத்தியேழாம் நெம்பர் டோக்கன். "பத்திரமா இருக்கும்"னேன். அவ, "எங்க ஐட்டத்துக்கு முன்னாடி எடுத்துக்கலாமில்ல?"ன்னா. "அதெல்லாம் பாத்துக்கலாம்"னேன். ஷூ காணாமப் போச்சுன்னா யாரக் கேப்பாங்க? என்னத்தான? அதனால ரூமப் பூட்டி சாவிய ஜோப்புல போட்டுக்கிட்டேன்.

விளக்கேத்தியாச்சு. கவுன்சிலர் பேசினாரு. நான் சுருக்கமா ஒரு முக்கால் மணி நேரம் பேசினேன். நகர்ல தண்ணிக்கு போர்க்குழாய் போட்டதிலருந்து ஆரம்பிச்சேனா, அதுதான் கொஞ்சம் இழுத்துருச்சு. அப்பத்தான் டோரீன் மிஸ்ஸு மேடை ஓரமா வந்து, "செகரெட்டரி சார், சாவி"ன்னாங்க. நான் மைக்க மூடிட்டு, "மிஸ், ஓமம் பண்ணின எடம்"னேன். அவங்க, "ஷூ இல்லாம டேப் எப்படி சார் ஆடறது?"ன்னாங்க. நான் சொன்னேன், "மிஸ், ஆட்டம்ங்கறது மனசுல இருக்கு." அவங்க என்னையே பாத்துட்டு, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணும்ல"ன்னுட்டுப் போயிட்டாங்க. அத்தன கூட்டத்துல என்னைப் பூசாரின்னு மரியாதையாச் சொன்னது எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

நான் மைக்குல, "நம் தாய்மார்கள் இந்த மண்ணின் மரபுப்படி வெறுங்காலோடு ஆடுவார்கள்"னு அறிவிச்சேன். கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். மரகதம் மேடையேறி என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. நன்றியோட பாக்கறான்னு நெனச்சேன்.

ஆ, ஒரு நிமிசம். விருந்தாளி வந்துட்டாரு போல. உங்க பொண்ணுதான் மொத. அந்தப் பச்சையும் அரக்கும் போட்டிருக்கறதா? லட்சணமா இருக்குதுங்க. நீங்க பாருங்க சார், பாருங்க. நான் காதுல மெதுவாச் சொல்றேன்.

ஆட ஆரம்பிச்சாங்க. ஆறு பேரு. பன்னண்டு காலு. சத்தமே இல்ல. ஒரு பொட்டுச் சத்தம் இல்லீங்க! பொத்து பொத்துன்னு பூனை குதிக்கற மாதிரி இருக்கு. மேல ஃபேன் ஓடறது கேக்குது. கவுன்சிலரு மூக்கு உறிஞ்சறது கேக்குது. ஒரு கொழந்தை, "அம்மா, டி.வி.ல சவுண்ட வெய்யி"ங்குது. மைக்செட்டுக்காரன் பாவம், ஒயரையெல்லாம் புடுங்கிப் புடுங்கி மாட்டறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க கூடமும் நேராத்தான் இருந்துச்சு, இவங்களுக்கும் ஆடத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா யாருக்கும் ஒண்ணும் வெளங்கல.

எனக்கு மட்டும் வெளங்குச்சு. ஏன்னு கேளுங்க.

நாலு மாசமா மரகதம் சமையல்கட்டுல பழகினா. தெனம் நாலு மணிலருந்து அஞ்சு மணி. நான் முன்ரூமுல பேப்பர மூஞ்சி மேல போட்டுட்டுப் படுத்திருப்பேன். தூங்கறேன்னு அவ நெனச்சுக்குவா. நான் தூங்கலீங்க. மோட்டார் சத்தத்த வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவன் நான். அப்படியிருக்க அந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவேன்? டக்கு டக்கு டகடக டக்கு. அப்புறம் ஒரு இழுப்பு. அப்புறம் குதிகால்ல ரெண்டு. மொத மாசம் தாறுமாறாப் போச்சு. மூணாவது மாசம் பாத்தா, புது பேரிங் போட்ட மோட்டாராட்டம் ஒரே சீரா ஓடுது. அன்னிக்கு பேப்பருக்கு அடியில நான் சிரிச்சேன். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல. சொன்னா தூங்கலைன்னு தெரிஞ்சு மார்க்கெட்டுக்கு அனுப்பிருவா.

அதனால அவ வெறுங்கால வெக்கறப்போ எனக்கு மட்டும் சத்தம் கேக்குது. உள்ளுக்குள்ள. அது பாட்டுக்குக் கேக்குது. நான் மேடை ஓரத்துல மைக்கப் புடிச்சுட்டு நிக்கறேன். எங்கிருந்தோ டக்கு டக்கு டகடக டக்குன்னு நெசமாவே சத்தம் வருது. நல்ல கணீர்னு தேக்குப் பலகை மேல. எங்கடா வருதுன்னு நானும் சுத்தியும் முத்தியும் பாக்கறேன். மொத்தக் கூட்டமும் என் காலப் பாத்துட்டிருக்கு.

என் கால்ல ஷூ சார்.

பொண்ணு சுகன்யா வாங்கிக் குடுத்த தோல் ஷூ, குதிகால்ல கெட்டி ரப்பர், அதுல நாலு ஆணி. காலைலருந்து வாசலுக்கும் மேடைக்கும் ஓடினவன், எல்லார்ட்டயும் டோக்கன் குடுத்தவன், என்னோடதக் கழட்ட மறந்துட்டேன். ஒருத்தரும் சொல்லல. செகரெட்டரிகிட்ட யாரு சொல்லுவா?

நானா ஆடினேன்? நீங்க சொல்லுங்க. காலு ஆடுச்சு. நிறுத்தப் பாத்தேன், நிக்கல. ஓடற மோட்டார சுவிட்ச் இல்லாம எப்படி நிறுத்தறது? அவ கால் வெக்க வெக்க இங்க சத்தம் வருது, ஒரு மயிரிழை பிசகல. மைக்செட்டுக்காரன் சத்தம் எங்கிருந்தோ வந்துதேன்னு அழுதுட்டான் சந்தோசத்துல. ஓடி வந்து மைக்கக் கீழ எறக்கி என் காலுக்கிட்டப் புடிச்சான். விசில் பறக்குது. செல்போனெல்லாம் எம்பக்கம் திரும்பிருச்சு. அந்தப் பொம்பளைங்க ஆறு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. நான் மட்டும் முடிவு வரைக்கும் போயிட்டேன், குதிகால்ல ரெண்டோட. கவுன்சிலர் எந்திரிச்சு வந்து, டோரீன் மிஸ்ஸுக்குன்னு வெச்சிருந்த பொன்னாடைய எனக்குப் போத்திட்டாரு. நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க. வேண்டாம்னு சொல்ல கொஞ்சம் லேட்டும் ஆயிருச்சு.

அட, முடிஞ்சுருச்சா? எல்லாரும் தட்டறாங்களே. தட்டுங்க சார், நல்லா ஆடுச்சுங்க கொழந்தை, அந்தக் கை முத்திரையெல்லாம்... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நீங்க பாத்தீங்கள்ல? நான் மெதுவாத்தான பேசினேன்? வீடியோ எடுத்திருப்பாங்க, வாங்கிப் பாத்துக்கலாம்.

அடுத்தது அவங்கதான். மேடையில பலகை போடறாங்க, கொஞ்ச நேரம் இருக்கு. கதைய முடிச்சிடறேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதிலருந்து மரகதம் வாயத் தெறக்கல. நான் அந்தப் பொன்னாடைய அவளுக்கே குடுத்தேன். பெரிய மனசோட குடுத்தேன். மறுநாள் பாத்தா மிக்ஸிக்கு உறையாத் தைச்சுப் போட்டிருக்கா. போர்க்குழாய் பத்திப் பேசினது புடிக்கலையோன்னு அதக் கொறச்சுக்கறேன்னேன். பேசல. நாலாம் நாள் அந்த லாட ஷூவ வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டா. "சோறு ஆச்சா?"ன்னா டக்குன்னு ஒரு தட்டு. ஆச்சுன்னு அர்த்தம். "காப்பி உண்டா?"ன்னா டக்கு டக்கு. இல்லைன்னு அர்த்தம். "எம்மேல கோவமா?"ன்னேன். டக்கு டக்கு. சரி, கோவம் இல்லையே, "அப்புறம் ஏன் பேச மாட்டேங்கற?"ன்னேன். அதுக்கு அவ ரெண்டு நிமிசம் ஆடினா சார். நடுவுல ஒரு சுத்துச் சுத்தி, அலமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர, ஆடி முடிச்சுட்டு மாவாட்டப் போயிட்டா. எனக்கு ஒரு வரி வெளங்கல. எத்தனையோ மோட்டாரு ரிப்பேரு பாத்தவன், இது எங்க ரிப்பேருன்னு கண்டுபுடிக்க முடியல.

என் கால் ஓடறதப் பாத்துப் பொறாமையா இருக்குமோன்னு கூட நெனச்சேன். சுகன்யாகிட்டப் போன்ல அதச் சொன்னேன். அம்மிணி, "அப்பா, நீங்க போன வையுங்க"ன்னுட்டா.

சிரிப்பாத்தான் இருக்கும் உங்களுக்கு. ஆனா ராப்பகலா மிசின் சத்தத்துல இருந்தவனுங்க நான். ரிட்டயர் ஆனப்போ காதுல சத்தம் இல்லாமப் பைத்தியம் புடிக்கற மாதிரி இருந்துச்சு. அப்ப அவதான் பேசிட்டே இருப்பா. கறிவேப்பிலை வெலையிலருந்து பக்கத்து வீட்டு நாய் வரைக்கும். நான் ஒண்ணுக்கும் பதில் சொன்னதில்ல, ம்முன்னு கூடச் சொன்னதில்ல. ஆனா அத வெச்சுத்தாங்க என் பொழுதே ஓடுச்சு. இந்தப் பத்தொம்பது நாளா வீடு கரண்டு போன கம்பெனி மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குதுங்க. இப்படியே இருந்துட்டான்னா என்ன பண்றது?

போன வாரம் இந்தப் பொள்ளாச்சிக்காரங்க ஆட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. நானும் வரட்டுமான்னு சுகன்யா மூலமாக் கேட்டேன். அம்மா சம்மதிச்சாச்சு, ஆனா ஒரு நிபந்தனைன்னுது அம்மிணி. "ஆடி முடியற வரைக்கும் அப்பா கால் தரையில படக் கூடாது."

ஆ, வந்துட்டாங்க, வந்துட்டாங்க! அந்த ஓரத்துலருந்து மூணாவது, அதுதான் மரகதம். இருங்க, நான் கால மேல எடுத்துச் சம்மணம் போட்டுக்கறேன். இந்தப் பிளாஸ்டிக் சேர்ல கை வெச்சிருக்கறானா, முட்டி இடிக்குது. உங்க தோளக் கொஞ்சம் புடிச்சுக்கறேன். ஆச்சு. பின்னாடி யாருங்க கத்தறது? மறைக்குதா? மன்னிச்சுக்கங்க, வீட்டு உத்தரவு.

பாத்துட்டா. என்னப் பாத்துட்டா. என் காலப் பாத்துட்டா.

ஆரம்பிச்சாச்சு.

சார்.

சார், கேக்குதுங்களா?

இது வேறங்க. நான் கேட்டது சமையல்கட்டுல, கதவுக்கு அந்தப் பக்கம். இது பன்னண்டு காலு. ஒருத்தி கேக்கறா, அஞ்சு பேரு பதில் சொல்றாங்க. பாருங்க, அவ மட்டும் தனியா முன்னாடி வர்றா. இந்த எடம் வீட்டுல அவ ஆடினதே இல்லையே! இல்ல இல்ல, ஆடியிருப்பா. ஆடியிருப்பா சார். ரெண்டு நிமிசம் ஆடினான்னேனே, அது இதுதான்.

அன்னிக்கு நான் தட்டினது இது இல்லீங்க. நான் தட்டினது வெறும் டக்கு டக்கு. இத்தனையையும் ரேக்குல வெச்சுப் பூட்டிட்டு, சாவிய ஜோப்புல போட்டுட்டு, போர்க்குழாயப் பத்திப் பேசிட்டிருந்திருக்கேன். நாலு மாசம் சார். அவ நாலு மாசம் ஆடினத ஊருல ஒருத்தருக்கும் கேக்க வுடாம, நான் எந்திரிச்சு நின்னு சால்வை வாங்கியிருக்கேன். என்ன மடத்தனம் பண்ணியிருக்கேன் பாருங்க. அய்யோ, கட்டை வெரல் ஆடுது. புடிங்க சார், என் கால் கட்டை வெரலக் கொஞ்சம் அமுக்கிப் புடிச்சுக்கங்க. கூச்சப்படாதீங்க, புடிங்க!

முடிஞ்சுது. ஹப்பா. எந்திரிச்சு நின்னு தட்டறாங்க சார் எல்லாரும். நீங்களும் எந்திரிங்க. எனக்கு எந்திரிக்க முடியல, ரெண்டு காலும் மரத்துக் கட்டையாப் போச்சு. கண்ணுல தூசி கீசி ஒண்ணும் இல்லீங்க. அழுகைதான். நல்லா ஆடினா சார், ரொம்ப நல்லா ஆடினா.

மேடைய விட்டு எறங்கறா. டக்கு டக்குன்னு இந்தப் பக்கமா வர்றா. இங்கதான் வர்றா சார்! நான் என்ன சொல்லட்டும்? ஓமம்னு சொல்லட்டுமா? மன்னிப்புன்னு சொல்லட்டுமா? ஒண்ணும் பேச வேண்டாங்கறீங்களா? சரி. சரி, நான் வாயத் தெறக்கல.

"ஏனுங்க, கால எறக்குங்க. பாக்கறவங்க சிரிக்கறாங்க."

சார், கேட்டீங்களா? இது தட்டு இல்லீங்களே, வாய்தான? உங்க காதுலயும் உளுந்துச்சில்ல? பேசிட்டா சார்.